கொம்புக்கு எண்ணெய்

பெல்ட் கத்தியது.

தெருவின் இந்தப் பக்கம் தந்தூர் அடுப்புக்குள் கையை விட்டு சம்சா ஒட்டிக்கொண்டிருந்த எனக்கே பல் கூசியது. வால் மிதிபட்ட நாயின் கத்தல் மாதிரி ஒன்று. அதன் பின்னாலேயே ரப்பர் கருகும் நாற்றம். அதன் பின்னாலேயே ஹம்தமின் குரல்.

"மோட்டார நிறுத்து. நிறுத்துங்கறேன்ல."

மில் அடங்கியது. வாசலில் நெல்மூட்டைகளின் மேல் குந்தியிருந்த விவசாயிகள் பேச்சை விட்டுவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் எல்லார் வாயிலிருந்தும் ஒரே பெயர்தான் விழுந்திருக்கும்.

நுர்மத்.

ஹம்தமின் தம்பி. ருஷ்யாவில் பத்துப் பன்னிரண்டு வருஷம் கட்டட வேலை பார்த்துவிட்டு இந்தக் கோடையில்தான் ஒற்றைப் பையோடு வந்து இறங்கினான். அறுப்பு முடிந்து மில் ஓட ஆரம்பித்ததும் பெல்ட்டும் கத்த ஆரம்பித்தது. போன வருஷம் கத்தவில்லை. அதற்கு முந்தின வருஷமும் கத்தவில்லை. இதில் துப்புத் துலக்கப் போலீஸ் நாய் வேண்டாம்.

உஸ்கென் ஊரில் எங்கள் தெரு வாய்க்காலோடு முடியும். முடிகிற இடத்தில் மில். நவம்பர் பிறந்து பனிமூட்டம் மலையை விட்டு இறங்கினால் செந்நெல் வண்டி வண்டியாக வந்து சேரும். சேறும் உமியும் கலந்து தெரு முழுக்கப் புளித்த வாசனை அடிக்கும். எங்கள் சிவப்பரிசி இல்லாமல் இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு கல்யாணப் புலாவும் அடுப்பிலிருந்து இறங்காது. அந்த அரிசி ஒழுங்காக வெளியே வருவது ஹம்தமின் மில்லில். அப்படித்தான் பேச்சு இருந்தது, இந்தக் கோடை வரை.

மில்லுக்குள் போய்ப் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஒரு கோடியில் மோட்டார். மறுகோடியில் ஆள் உயரச் சக்கரம். இரண்டையும் கட்டி இழுப்பது அகலமான பெல்ட். எந்த பெல்ட்டும் ஓட ஓட இளகும். அதனால் அதன் முதுகில் ஒரு குட்டிச் சக்கரம் உட்கார்ந்து அமுக்கிக்கொண்டே இருக்கும். அந்தக் குட்டிச் சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கையில் ஓர் எடைக்குண்டு தொங்கும். அமுக்கம் சரியாக இருந்தால் பெல்ட் சக்கரத்தைக் கட்டிப் பிடிக்கும். குறைந்தால் வழுக்கும். வழுக்கினால் உமி பிரியாது, அரிசி நொறுங்கும், வாசலில் சண்டை வரும்.

அந்த இரும்புக் கையை அடித்து வளைத்தவர் அண்ணன் தம்பி இருவருக்கும் அத்தா. கூட்டுப்பண்ணை கலைந்தபோது அங்கே துருப்பிடித்துக் கிடந்ததையெல்லாம் தள்ளுவண்டியில் கொண்டுவந்து சேர்த்து இந்த மில்லை நிறுத்தியவர். போன பனிக்காலத்தில் மவுத்தானார். அடக்கம் செய்த ஜனாஸாவுக்கு நுர்மத் வரவில்லை.

எங்கள் வழக்கப்படி, அத்தா இருந்த வீடும் அவர் கைவைத்த தொழிலும் கடைசி மகனுக்கு. மூத்தவன் தனியாகப் போய்விட வேண்டும். ஆனால் கடைசி மகன் ஊரிலேயே இல்லை. மூத்தவன்தான் அத்தாவோடு நின்று மில்லை ஓட்டினான், அவர் படுக்கையில் விழுந்த பிறகு பீ மூத்திரம் அள்ளினான். இப்போது கடைசி மகன் திரும்பி வந்து மில்லை ஒட்டிய அறையில் படுத்துக்கொள்கிறான். பங்கு கேட்கவில்லை. வீடு கேட்கவில்லை. ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் ஹம்தமைத் தூங்கவிடாமல் செய்தது.

அன்றைக்கு மில் அடங்கியதும், மூட்டையோடு காத்திருந்த மத்கரீம் கிழவர் உள்ளே போய் ஒரு கை அரிசியை அள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தார். எல்லாரும் பார்க்கும்படி விரித்துக் காட்டினார். பாதி நொறுங்கல், மீதி உமியோடு.

"ஹம்தம், இத எம் பேத்தி நிக்காஹுக்குப் போட்டா சம்பந்தி வீட்டுக்காரன் என்ன சொல்லுவான் தெரியுமா? கோழிக்கு வச்சத எங்களுக்கு வச்சுட்டான்பான்."

"மெஷின் கோளாறு மாமா. இன்னைக்குள்ள சரி பண்ணித் தரேன்."

"மெஷினுக்கா கோளாறு? போன வருஷமும் இதே மெஷின், இதே வயல் நெல்லு, இதே மத்கரீம். புதுசா வந்து சேந்தது எதுன்னு நான் வேற சொல்லணுமா?"

நுர்மத் பத்தடி தள்ளி உமி கூட்டிக்கொண்டிருந்தான். துடைப்பத்தை நிறுத்தவில்லை. தலை நிமிரவில்லை. காது மட்டும் சிவந்தது. குற்றம் செய்தவனுக்கும் சிவக்கும், செய்யாதவனுக்கும் சிவக்கும். காதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

"சந்தைப் பக்கம் தோலிப் மில்லுல சீனா மெஷின் வந்திருக்கு," என்றார் கிழவர். "இன்னும் ஒரு வாரம் பாப்பேன். அப்புறம் மூட்டைய அங்க ஏத்திருவேன். கோச்சுக்காத."

ஹம்தம் கோபித்துக்கொள்ளவில்லை. திரும்பித் தம்பியைப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

*

மறுநாள் ஹம்தம் என் கடைக்கு வந்தான். பச்சைத் தேநீரை ஊற்றிக் கொடுத்தேன். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு தெருவை இரண்டு பக்கமும் பார்த்தான்.

"யூல்தாஷ், ஒண்ணு சொல்றேன். வெளிய போகக் கூடாது."

"சொல்லு."

"எடைக்குண்டு தொங்குற கொக்கியில ஒரு தலைமுடியக் கட்டி வச்சேன்."

"உன் தலையில ஏதுப்பா முடி?"

"எம் பொஞ்சாதி மஸ்தூராவோடது. குறுக்க பேசாம கேளு. குண்ட எவனாச்சும் தூக்கினா முடி அறுந்துரணும். அறுகல. இரும்புக் கை திரும்புற நட்டு மேல சுண்ணாம்புக் கோடு போட்டேன். கோடு அப்படியே இருக்கு. நெல்ல மேல ஏத்துற எலிவேட்டர் சங்கிலிய இறுக்குற போல்ட்டுக்கும் போட்டேன். அதுவும் அப்படியே. யாரும் எதையும் தொடல. ஆனா பெல்ட் வழுக்குது."

"எடைய இன்னும் கொஞ்சம் ஏத்திப் பாரேன்."

"ஏத்தாம இருப்பேனா? டிராக்டர் இரும்பு ஒண்ணு தொங்க விட்டிருக்கேன். ஏத்தினா பேரிங் அழுவுது. எறக்கினா பெல்ட் அழுவுது. நடுவுல நான் அழுவுறேன்."

"பெல்ட்டுல ஏதாவது கசியுதா?"

"ஒரு பிசுபிசுப்பு இருக்கு. பேரிங்லேர்ந்து வருதுன்னு நினைச்சு சீல் மாத்தினேன். பிசின்பொடி போட்டுத் தேய்க்கிறேன். நாலஞ்சு நாள் தேய்ச்சா ஒரு மாதிரி புடிக்கும். வியாழக்கிழமை நல்லா ஓடும். வெள்ளிக்கிழமை காலைல ஸ்விட்ச் போட்டா பழைய கதை. ஒவ்வொரு வாரமும் இதே கூத்து."

"ஒவ்வொரு வெள்ளியுமா? மெஷினுக்கு ஜும்மா தெரியுமோ?"

"மெஷினுக்குத் தெரியாது," என்றான் ஹம்தம். "மனுசனுக்குத் தெரியும்."

அடுப்பில் கொழுப்பு உருகிக் கரியில் விழுந்து சீறியது. 

"உன்னக்கூட சந்தேகப்பட்டேன்," என்றான்.

"என்னையா?"

"எதுத்த கடை. தெருவுல ஒரு பூனை போனாலும் உனக்குத் தெரியும். பாத்துட்டுச் சொல்லாதவன் கூட்டாளியா இருக்கலாம்ல."

"சம்சாவத் தின்னுட்டுப் பேசு. வெறும் வயித்துல இருந்தா அப்படித்தான் தோணும்."

சிரித்துச் சமாளித்தேன். ஆனால் அவன் கண் தப்பாகப் போகவில்லை. நான் பார்த்தது ஒன்று உண்டு, சொல்லாமல் வைத்திருந்தேன். வியாழக்கிழமை சந்தைக்கு வெங்காயம் வாங்கப் போனபோது, தோலிப் மில்லின் பின்சந்திலிருந்து நுர்மத் வெளியே வந்தான். கூடவே தோலிப். நுர்மத்தின் தோளில் கை போட்டுச் சிரித்துக்கொண்டு. நுர்மத்தின் கோட்டுப் பை புடைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அந்தப் பையின் மேல் கையை வைத்தான்.

இதை ஹம்தமிடம் சொன்னால் அன்றைக்கே ரத்தம் பார்ப்பான். முதலில் நுர்மத்தையே கேட்டுவிடுவோம் என்று நினைத்தேன்.

சாயங்காலம் நுர்மத் வந்தான். அவன் வீட்டில் புலாவ் இறக்கும் வாசனை தெருவெல்லாம் அடிக்கிறது. இவன் என்னிடம் வந்து இரண்டு சம்சா கேட்கிறான். அதுவே ஒரு மாதிரி இருந்தது.

"வீட்டுல சாப்பிடலையா?"

"எங்க சாப்பிட்டா என்ன."

"வியாழக்கிழமை உன்ன சந்தையில பாத்தேன்."

"ம்."

"தோலிப் என்ன சொன்னான்?"

"வேலைக்கு வான்னான்."

"நீ?"

"பாக்கலாம்னேன்."

"பாக்கலாம்னா?"

"பாக்கலாம்னா பாக்கலாம்தான் அண்ணே."

"கோட்டுப் பையில என்ன இருந்துச்சு?"

"கை."

அவன் சிரிக்கவில்லை. சம்சாவை ஊதி ஊதித் தின்றான். ருஷ்யாவில் குளிரில் நின்று சாப்பிட்ட பழக்கம், சுவரோரம் முதுகைக் கொடுத்துத்தான் நிற்பான்.

"நான் கேக்குறேன்னு தப்பா நினைக்காத, நுர்மத். அந்த வீட்டுலேர்ந்து உனக்கு என்ன வேணும்? வீடா, மில்லா? வாயத் திறந்து சொல்லிட்டா உங்கண்ணன் ஒண்ணு குடுப்பான், இல்ல அடிப்பான். ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சு போயிரும்."

அவன் விரல் நுனியைக் கோட்டில் துடைத்தான். பிறகு, "அண்ணி என் கோப்பையத் தனியா கழுவுறாங்க," என்றான். "அத நிறுத்தினாப் போதும்."

போய்விட்டான். இது வெள்ளை மனசா, வேஷமா என்று எனக்குப் புரியவில்லை. புரியாததையெல்லாம் சந்தேகத்தின் பக்கம் ஒதுக்குவதுதான் வழக்கம். நானும் ஒதுக்கினேன்.

*

புதன்கிழமை மஸ்தூரா என் கடைக்குள் நுழைந்தாள். ஹம்தமின் மனைவி பட்டப்பகலில் கடைக்கு வரும் பெண் அல்ல. பின்னால் ஹம்தம். மேல்துண்டுக்குள்ளிருந்து ஒரு பாட்டிலை எடுத்து என் மாவுப் பலகை மேல் வைத்தாள்.

"மோந்து பாருங்க அண்ணே."

மோந்தேன். கசந்த புல்வாசனை. ஆளிவிதை எண்ணெய். கூடவே எண்ணெய் ஊறிய ஒரு துணிச்சுருள்.

"அவன் கோட்டுலேர்ந்து எடுத்தேன். பட்டன் பிஞ்சிருந்துச்சு, தைச்சுக் குடுக்கலாம்னு."

"நீ எப்பலேர்ந்து அவனுக்குப் பட்டன் தைக்க ஆரம்பிச்சே?" என்றான் ஹம்தம்.

"இப்ப அதுவா முக்கியம்? சரி, பையத்தான் தேடினேன். போதுமா?"

எண்ணெயைப் பார்த்தேன். ஹம்தமைப் பார்த்தேன். ரப்பர் பெல்ட்டில் எண்ணெய் பட்டால் என்ன ஆகும் என்பது மில்காரன் வீட்டுப் பூனைக்கும் தெரியும். ரப்பர் ஊதும், வழவழக்கும், பிடியை விட்டுவிடும். முடியை அறுக்க வேண்டாம். நட்டைத் திருப்ப வேண்டாம். உள்ளங்கை ஈரமளவு எண்ணெய் போதும்.

"தோலிப் மில்லுக்குப் பின்னாடி செக்கு இருக்கு," என்றாள் மஸ்தூரா. "ஆளிவிதை எண்ணெய் அங்கதான் ஆட்டுறாங்க."

இனி மறைப்பதில் அர்த்தமில்லை. சந்தில் பார்த்ததைச் சொன்னேன். தோலிப் தோளில் கை போட்டிருந்தது வரை சொன்னேன். ஹம்தம் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தான். 

"இத்தனை நாளா, மில்லக் கேப்பான்னு பயந்துட்டிருந்தோம்," என்றாள் மஸ்தூரா. "கேக்கறவன்கூடப் பரவால்ல அண்ணே. இவன் கேக்க மாட்டான். மில்ல ஓடவிடாம அடிப்பான். பேரு கெட்டு, இவர் வெறுத்துப்போய் வெளிய கிளம்பட்டும்னு காத்திருப்பான். மாமனார் சாகும்போது வாயில தண்ணி ஊத்தினது நானு. அப்ப இவன் எங்க இருந்தான்?"

"நேரா கேட்டுரு," என்றேன் ஹம்தமிடம்.

"கேட்டா, முட்டிவலிக்குத் தேய்க்க வச்சிருக்கேன்பான். பள்ளிவாசல் பெரியவர்கிட்ட கேட்டுட்டேன். கடைசி மகன அத்தா வீட்டுலேர்ந்து வெளியேத்தணும்னா கண்ணால பாத்த சாட்சி வேணும்னுட்டார். வீட்டு ஆளு சாட்சி செல்லாது. நீ வா."

"நானா?"

"வெள்ளிக்கிழமை விடியக்கால. உமி அறைக்குள்ள உக்காந்திருப்போம்."

"அடுப்பு?"

"அடுப்பு எங்கயும் ஓடாது." தேநீர்க் கோப்பையைக் கவிழ்த்து வைத்தான். "ஓஷ் டவுனுக்குப் போற டாக்ஸிக்குச் சொல்லிட்டேன். வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு வாசல்ல நிப்பான். மஸ்தூரா பையக் கட்டி வச்சிருவா. அங்கேர்ந்து ருஷ்யா போறானோ, தோலிப் வீட்டுக்குப் போறானோ, அவன் பாடு. இந்தக் கூரைக்குக் கீழ இனி அவன் இல்ல."

மஸ்தூரா பாட்டிலைத் துணியில் சுற்றினாள். இருந்த இடத்திலேயே திருப்பி வைப்பதற்காக.

*

உமி அறையில் உட்கார்வது என்றால் முள் மூட்டையில் உட்கார்வதுதான். கழுத்து, இடுப்பு, காலுறைக்குள் எல்லாம் புகுந்து குத்தியது. பாங்கு சொல்லி முடிந்திருந்தது. பலகை இடுக்கு வழியாகச் சாம்பல் நிற வெளிச்சம் மில்லுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. வாய்க்கால் தண்ணீர்ச் சத்தம் தவிர ஒன்றும் இல்லை.

ஹம்தம் கையில் நீளமான ஸ்பானர்.

"இது எதுக்கு?" என்றேன் காதோடு.

"கைக்குப் பழக்கம்."

பக்கத்து அறைக் கதவு கிரீச்சிட்டது.

நுர்மத் வந்தான். தலைமுடி நனைந்திருந்தது. தொழுகைக்கு ஒளு செய்துவிட்டு நேராக வந்திருக்கிறான். ஸ்விட்ச் போடவில்லை. செருப்பை வாசலில் கழற்றினான். திருட வருகிறவன் செருப்பைக் கழற்றுவான், சரி. ஆனால் இவன் அதை ஜோடியாக ஒழுங்குபடுத்தி வைத்தான்.

பாட்டிலை எடுத்தான். ஹம்தமின் விரல்கள் ஸ்பானரில் இறுகின.

உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றினான். நேராக அந்த இரும்புக் கையிடம் போனான். அதன் முன்பக்கம் கவட்டையாகப் பிரிந்து இரண்டு நுனியும் மேலே பார்த்து வளைந்திருக்கும். ஒரு நுனியை அடியிலிருந்து மேலே நீவினான். மெதுவாக. பிறகு அடுத்ததை. பிறகு அவை சேரும் இடத்தை, நெற்றியைத் தடவுகிற மாதிரி. கீழே குட்டிச் சக்கரத்தை. கையில் மிச்சமிருந்ததை பெல்ட்டின் முதுகில் நீளமாகத் தேய்த்தான். தேய்த்து முடித்து இரண்டு தட்டு தட்டினான்.

மாட்டைத் தட்டுகிற தட்டு.

எனக்கு அப்போதுதான் பழையது ஒன்று ஞாபகம் வந்தது. வசந்தத்தில் முதல் உழவுக்கு முன்னால் எருதுகளின் கொம்புக்கு எண்ணெய் பூசுவது எங்கள் பக்கத்துப் பழைய வழக்கம். நான் சின்னப்பிள்ளையாக இருக்கும்போதே எருது போய் டிராக்டர் வந்துவிட்டது. ஆனால் இவர்களுடைய அத்தா கூட்டுப்பண்ணையில் எருது ஓட்டியவர்.

நுர்மத் முட்டிபோட்டு உட்கார்ந்தான். எண்ணெய்க் கைகளை விரித்தான்.

"அத்தா, இது நான் வராத ஏழாம் வருஷத்துக்கு," என்றான். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசுகிற குரல். "அண்ணனுக்கு வேலை தடையில்லாம நடக்கணும். மாடு சறுக்கக் கூடாது. ஆமீன்."

முகத்தைத் தடவிக்கொண்டான்.

ஹம்தம் எழுந்தான். உமி சரிந்து கொட்டியது. நுர்மத் திடுக்கிட்டுத் திரும்பினான். அண்ணன், அவன் கையில் ஸ்பானர், பின்னால் தலையெல்லாம் உமியோடு நான்.

"என்னடா பண்ற?"

"அண்ணே."

"என்ன பண்றேன்னு கேக்குறேன்."

"கொம்புக்கு எண்ணெய்." நுர்மத் எண்ணெய்க் கையால் கவட்டையைக் காட்டினான். "அத்தா போடுவார்ல. அறுப்பு முடிஞ்சு முத நெல்லு போடுறதுக்கு முன்னாடி. நான் இல்லாத வருஷத்துக்கெல்லாம் சேத்துப் போட்டுரலாம்னு. ஒரு வெள்ளிக்கு ஒரு வருஷம்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா, மையத்துக்கு வராதவன் அத்தா தொட்டதத் தொடாதம்பீங்க."

ஹம்தம் ஸ்பானரைக் கீழே வைத்தான். அதையேதான் சொல்லியிருப்பான். எனக்கும் தெரியும்.

"தோலிப்?" என்றான் கடைசியில்.

"செக்கு அவன் மில்லுக்குப் பின்னாடிதானே இருக்கு. போகும்போதெல்லாம் வேலைக்கு வா, வேலைக்கு வான்னு புடுங்குறான்."

"அடேய்." ஹம்தம் பெல்ட்டின் மேல் கையை வைத்தான். எடுத்தபோது விரல்கள் மினுங்கின. "அத்தா போட்டது தோல் பெல்ட்டுக்குடா. மாட்டுத் தோல். அது எண்ணெயக் குடிக்கும், குடிச்சா புடிக்கும். இது ரப்பர்."

நுர்மத் குனிந்தான். பெல்ட்டை நகத்தால் கீறினான். கீறின நகத்தை மூக்கில் வைத்தான்.

"எப்ப மாத்துனீங்க?"

"நீ போன கொஞ்ச நாள்லயே தோல் கிழிஞ்சு போச்சு."

"யாரும் சொல்லலியே. தூசி படிஞ்சு கெடந்ததுல தோல்னே நினைச்சேன்."

"ஃபோன்ல பேசுறதே மாசத்துக்கு ரெண்டு நிமிஷம். அதுல பெல்ட்டு சமாச்சாரம் வேறயா?"

"அத்தா அப்புறம் எண்ணெய் போடலியா?"

"வெறுங்கையால கொம்பத் தொட்டுட்டுப் போயிருவார்."

நுர்மத் பாட்டிலுக்கு மூடியைப் போட்டான். ஒரு தடவைக்கு இரண்டு தடவை இறுக்கினான்.

"அப்ப வழுக்கினதெல்லாம் என்னாலதான்," என்றான். "மத்கரீம் மாமா சரியாத்தான் சொல்லியிருக்கார்."

*

வெளியே பனிமூட்டம் கலையவில்லை. வாசலில் மூட்டைகளோடு நாலைந்து பேர் வந்துவிட்டிருந்தார்கள், மத்கரீம் கிழவர் உட்பட. டாக்ஸியும் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து புகை விட்டுக்கொண்டு நின்றது. கதவோரம் மஸ்தூரா. அவள் காலடியில் நுர்மத்தின் பை, கயிறு போட்டுக் கட்டியபடி.

நுர்மத் பையைப் பார்த்தான். டாக்ஸியைப் பார்த்தான். எல்லாம் புரிந்துவிட்டது என்பது அவன் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

"பாத்தீங்களா?" என்றாள் மஸ்தூரா புருஷனிடம்.

"பாத்தோம்."

"அவன்தானே?"

ஹம்தம் பொய் சொல்லத் தெரியாதவன். "அவன்தான்," என்றான்.

வாசலில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான்தான் சாட்சி. கண்ணால் பார்த்ததை மட்டும் சொன்னால் அவன் குற்றவாளி. எண்ணெய் பூசினான், பார்த்தேன். காதால் கேட்டதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் நுர்மத் குனிந்து பையைத் தூக்கிவிட்டான்.

"அண்ணி சரியாத்தான் கட்டியிருக்காங்க," என்றான். குரலில் குத்தல் இல்லை. "வந்ததுலேர்ந்து கெடுத்ததுதான் மிச்சம். அண்ணே, நான் கிளம்புறேன். இனிமே வழுக்காது."

ஹம்தம் விறுவிறுவென்று உள்ளே போனான். மூட்டைகளுக்குப் பின்னால் எதையோ இழுக்கும் சத்தம். திரும்பி வந்தபோது தோளில் ஒரு புது பெல்ட் சுருள். தம்பி போய்த் தொலைந்த பிறகு மாட்டலாம் என்று சாக்குக்குள் ஒளித்து வைத்திருந்தது.

"பைய வச்சுட்டு உள்ள வா."

"டாக்ஸி நிக்குது அண்ணே."

"நிக்கட்டும். கெடுத்தவன்தானே மாட்டித் தரணும். இந்த இரும்புக் கையத் தூக்கிப் புடி. நான் பெல்ட்டத் தைச்சுடுறேன்."

அதில் நியாயம் இருந்தது. நுர்மத் பையை வைத்துவிட்டுப் போனான். நானும் போனேன். மஸ்தூரா கதவருகே நின்றாள்.

பெல்ட் மாற்றுகிறவர்கள் இரும்புக் கையைத் தூக்கி உத்தரத்துக் கயிற்றில் கட்டிவிட்டுத்தான் கீழே குனிவார்கள். எந்த மில்லிலும் அப்படித்தான். கயிறு அங்கேயே தொங்கியது. ஹம்தம் அதைப் பார்க்கக்கூட இல்லை. நுர்மத் இரண்டு கையாலும் கவட்டையைத் தூக்கினான். எடைக்குண்டோடு அண்ணன் ஏற்றி வைத்திருந்த டிராக்டர் இரும்பும் சேர்ந்து தொங்கியது. மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

ஹம்தம் ஊறிப்போன பெல்ட்டை அறுத்து எறிந்தான். புதியதை இரண்டு சக்கரத்தின் மேலும் போட்டு, நுனிகளைச் சேர்த்து, தோல்வாரைக் கோத்துத் தைக்க ஆரம்பித்தான். தையல் விழும் இடம் குட்டிச் சக்கரத்துக்கு நேர் கீழே. மேலே இருப்பவன் விட்டால் கீழே இருப்பவனின் விரல்கள் அப்பளம்.

வெளியே ஹாரன் அடித்தது.

"சீக்கிரம் அண்ணே."

"அவசரப்பட்டா தையல் கோணும்."

டாக்ஸிக்காரன் உள்ளே தலை நீட்டினான். "வர்றாரா இல்லையாப்பா? வண்டியில இன்னும் ரெண்டு பேரு உக்காந்திருக்காங்க. அடுப்புல சோத்த வச்சுட்டு வந்தவங்க மாதிரி என்னைத் திட்டுறாங்க."

"ஒரு நிமிஷம்," என்றான் நுர்மத்.

நான் ஹம்தமின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தோல்வார் கடைசி ஓட்டை வழியாகப் போனது. முடிச்சு விழுந்தது. தையல் முடிந்தது. கையை வெளியே எடுக்க வேண்டியதுதான் பாக்கி.

ஹம்தம் முடிச்சை அவிழ்த்தான். வாரை ஓட்டை ஓட்டையாக உருவினான். முதல் ஓட்டையிலிருந்து மறுபடி தைக்கத் தொடங்கினான்.

நுர்மத்துக்கு அது தெரியவில்லை. அவன் மேலே பார்த்தபடி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். ஆனால் மஸ்தூராவுக்குத் தெரிந்தது. புருஷனின் விரல்களைப் பார்த்தாள். அவற்றுக்கு மேலே நடுங்குகிற தோள்களைப் பார்த்தாள். அவள் என்ன கணக்குப் போட்டாளோ, டாக்ஸிக்காரன் பக்கம் திரும்பினாள்.

"கண்ணு தெரியலையா உனக்கு? அவன் கைய எடுத்தா எம் புருஷன் கை போயிரும். நீ கிளம்பு."

"அப்ப ஆளு வரலன்னு சொல்றீங்க."

"கிளம்புன்னு சொல்றேன்."

அவன் முனகிக்கொண்டே போனான். கதவு அறைபட்டது. சேற்றில் சக்கரம் சுழன்று பிடித்தது. வண்டிச் சத்தம் வாய்க்கால் பாலத்தின் மேல் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, பனிமூட்டத்துக்குள் போய்விட்டது.

ஹம்தம் இன்னும் பாதித் தையலில் இருந்தான். குட்டிச் சக்கரம் அவன் விரல்களை நோக்கி ஒரு நூல் இறங்கியது. மறுபடி ஏறியது. நுர்மத்தின் நெற்றியில் குளிரிலும் வேர்வை. அப்போதுதான் எனக்கு உறைத்தது, அவன் கைகளை இன்னும் துடைக்கவே இல்லை. கவட்டையிலும் எண்ணெய். என் கால் தானாகக் கயிற்றை நோக்கி ஓரடி வைத்தது. ஹம்தம் குனிந்தபடியே, வேண்டாம் என்று தலையாட்டினான்.

"கை வழுக்குதாடா?" என்றான் தம்பியிடம்.

"வழுக்குது அண்ணே."

"அப்ப தோள்ல வாங்கிக்க," என்றான் ஹம்தம். விரல்களை எடுக்கவில்லை.